கனவு எது, நனவு எது? – ‘லூசியா’ திரைப்படமும் அநேகாந்தப் பார்வையும்

தமிழ் இலக்கியம் கனவுக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறது. திருக்குறளின் 122ஆவது அதிகாரம் ‘கனவுநிலை உரைத்தல்’. சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே ‘கனாத்திறம் உரைத்த காதை’ என்று பெயர். சீவக சிந்தாமணியில் அரசி விசயை ஒரு கனாக் காண்கிறாள். அசோக மரம் விழுகிறது. அதன் அடியில் ஒரு முளை எழுகிறது. எட்டு மாலைகள் தோன்றுகின்றன. முளை பிறக்கப்போகும் மகன், மாலைகள் அவனுக்கு வரப்போகும் மனைவியர் என்று மன்னன் சச்சந்தன் பலன் சொல்கிறான். மரம் விழுந்ததற்கு மட்டும் பொருள் சொல்லத் தயங்குகிறான். விழுந்த மரம் அவனேயல்லவா!

நம் மைசூரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் உள்ள சிரவணபெளகொளாவிலும் ஒரு கனவு மரபு உண்டு. சந்திரகுப்தன் பதினாறு கனவுகள் கண்டான், பத்திரபாகு முனிவர் பலன் கூறினார், பன்னிரண்டு தலை நாகம் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சத்தைக் குறித்தது என்பது சமண மரபு. சந்திரகிரி மலையில் உள்ள சந்திரகுப்த பசதியின் கல் சாளரங்களில் இவ்விருவர் வரலாறும் சிற்பங்களாக இருப்பதை அங்கு போனவர்கள் பார்த்திருக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. கனவின் பொருள் என்ன என்பது கேள்வி, ‘இது கனவுதானா?’ என்பது கேள்வியே அல்ல. அந்த இரண்டாவது கேள்வியைச் சாதாரண ரசிகனின் வாயிலும் வரவழைத்த ஒரு கன்னடப் படத்தைப் பற்றியது இக்கட்டுரை. 2013ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் தேதி வெளிவந்த ‘லூசியா’ அது. பவன் குமார் இயக்கியது. நீநாசம் சதீஷும் சுருதி ஹரிஹரனும் நடித்தது. அதே ஆண்டு லண்டன் இந்தியத் திரைப்பட விழாவில் பார்வையாளர் தேர்ந்தெடுத்த சிறந்த படம் என்ற பரிசையும் பெற்றது.

படத்தின் முக்கியத் திருப்பத்தைச் சொல்லாமல் மேற்கொண்டு எழுத முடியாது. இன்னும் பார்க்காத அன்பர்கள் பார்த்துவிட்டு வந்து படித்தாலும் எனக்கு வருத்தமில்லை.

கதைச் சுருக்கம்

நிக்கி என்பவன் பெங்களூரில் ஒரு பழைய திரையரங்கில் டார்ச் அடித்து இடம் காட்டும் வேலை பார்க்கிறான். அவனுக்குத் தூக்கம் வருவதில்லை. ‘லூசியா’ என்ற மாத்திரை கிடைக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு படுத்தால் விரும்பிய வாழ்க்கை கனவில் வரும். அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். கனவில் அவன் நிகில் என்ற பெரிய நடிகன். அவன் விரும்பும் சுவேதா ஓரிடத்தில் பீட்சா கடையில் வேலை செய்கிறாள், மற்றோரிடத்தில் மாடல் அழகி. முதலாளி சங்கரண்ணா ஓரிடத்தில் கடனில் தவிக்கும் திரையரங்க உரிமையாளர், மற்றோரிடத்தில் நடிகனின் மேலாளர். இவ்விரண்டு இழைகளுக்கும் வெளியே மருத்துவமனையில் உணர்வற்றுக் கிடக்கும் ஒருவனும், அவன் எப்படி அந்த நிலைக்கு வந்தான் என்று துப்புத் துலக்குபவர்களும் வருகிறார்கள்.

டார்ச் அடிப்பவன் வாழ்க்கை வண்ணத்தில் வருகிறது. நடிகன் வாழ்க்கை கறுப்பு வெள்ளையில் வருகிறது. ஆகவே வண்ணம் நனவு, கறுப்பு வெள்ளை கனவு என்று எண்ணிக்கொண்டு பார்க்கிறோம். கடைசியில் தலைகீழாகிறது. உண்மையில் இருப்பவன் நடிகன் நிகில். புகழின் பாரம் தாங்காமல், யாருக்கும் தெரியாத ஒரு டார்ச்காரனாக வாழ அவன் கண்ட கனவுதான் நிக்கி.

கறுப்பு வெள்ளை செய்த வேலை

இந்தத் திருப்பம் பலிப்பதற்குக் காரணம் நம் பழக்கம். பழைய நினைவு, கனவு என்றால் நிறத்தை எடுத்துவிடுவது படங்களில் பழகிப்போன வழக்கம். ஆனால் இதற்கு நேர்மாறான வழக்கமும் உலகத்தில் உண்டு. 1939-இல் வந்த ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் சிறுமியின் சொந்த ஊர் பழுப்பு நிறம், கற்பனை நாடுதான் வண்ணம். ருஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ (1979) அன்றாட வாழ்க்கையைப் பழுப்பில் காட்டி, மர்மப் பகுதிக்குள் நுழைந்ததும் வண்ணத்துக்கு மாறுகிறது. ‘லூசியா’ இந்த இரண்டாவது வழக்கத்தைக் கையாண்டுவிட்டு, நாம் முதல் வழக்கத்தில் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. அது பொய் சொல்லவில்லை. நம்மைத் திருத்தவில்லை, அவ்வளவுதான்.

மனிதர்கள் உண்மையில் எந்த நிறத்தில் கனவு காண்கிறார்கள்? ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் ஈவா முர்சின் என்பவர் இதை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார். இளமையில் கறுப்பு வெள்ளைப் படங்களையும் தொலைக்காட்சியையும் பார்த்து வளர்ந்த பெரியவர்கள்தான் கறுப்பு வெள்ளைக் கனவுகளை அதிகம் சொன்னார்கள். வண்ணத் தொலைக்காட்சியோடு வளர்ந்தவர்களுக்கு அப்படிக் கனவு வருவது அபூர்வம். ஆக, கனவைப் பார்த்துச் சினிமா செய்தோமா, சினிமாவைப் பார்த்துக் கனவு காண்கிறோமா என்பதே யோசிக்க வேண்டியதாகிறது.

நிறத்தைவிடப் பெரிய நுட்பம் ஒன்று இருக்கிறது. ஏழை ஒருவன் நட்சத்திரமாகக் கனவு கண்டால் நாம் காரணம் கேட்பதில்லை. அது உலக வழக்கம். நட்சத்திரம் ஒருவன் டார்ச்காரனாகக் கனவு கண்டால்தான் ‘ஏன்?’ என்று கேட்போம். கேள்வி எழாத பக்கமாகவே நம்மைக் கூட்டிக்கொண்டு போய், கேள்வி எழ வேண்டிய இடத்தைக் கடைசி வரை மறைத்ததுதான் இத்திரைக்கதையின் சாமர்த்தியம். இரண்டு உலகத்துக்கும் அதே நடிகர்கள், அதே உறவுகள். ஓரிடத்தில் தொடங்கும் செயல் மற்றோரிடத்தில் எதிரொலிக்கிறது. ஆகவே இரண்டாம் முறை பார்ப்பவனுக்கு அதே காட்சிகள் வேறு பொருள் தருகின்றன.

மாத்திரையின் பெயரிலும் சேதி இருக்கிறது. இலத்தீனில் ‘லூக்ஸ்’ என்றால் ஒளி. ‘லூசியா’ அதிலிருந்து வந்தது. கனவு காண்கிறோம் என்று தெரிந்தே காணும் கனவை ஆங்கிலத்தில் ‘லூசிட்’ கனவு என்பர். டச்சு மருத்துவர் வான் ஈடன் 1913-இல் இச்சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தார். 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன், உறங்குபவர் முன்பே பேசிவைத்தபடி கண்களை அசைத்துக் கனவுக்குள்ளிருந்து சைகை தருவதைக் கருவியில் பதிவு செய்தார். ஞாபக மறதி நோய்க்குத் தரும் காலன்டமின் என்ற மருந்து இத்தகைய கனவுகளை அதிகப்படுத்துவதாக 121 பேரைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்று 2018-இல் வந்தது. ஆனால் தினமும் விட்ட இடத்தில் தொடரும் இரண்டாம் வாழ்க்கையைத் தரும் மாத்திரை இல்லை. அங்கேதான் அறிவியல் நின்று கற்பனை ஆரம்பிக்கிறது.

பார்த்தவர்கள் சொல்லும் பொருள்கள்

இந்தப் படத்தைப் பற்றி நண்பர்கள், உறவினர்கள், கடைக்கு வரும் கன்னட அன்பர்கள் என்று பலரிடம் பேசியிருக்கிறேன். அவர்கள் சொன்னவற்றை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

ஒன்று: இது மருந்துக்கு அடிமையானவன் கதை, மாத்திரைதான் குற்றவாளி.

இரண்டு: இது புகழின் கதை. இல்லாதவன் இருப்பவனைப் பார்த்து ஏங்குகிறான், இருப்பவன் இல்லாதவனைப் பார்த்து ஏங்குகிறான்.

மூன்று: இது சினிமாவைப் பற்றிய சினிமா. இருட்டில் காசு கொடுத்துக் கனவு காண்பவர்கள் நாமே. நம் கையில் இருக்கும் டிக்கெட்தான் மாத்திரை.

நான்கு: இது வேதாந்தம். எல்லாமே கனவுதான், உலகமே மாயை.

ஐந்து: “என்னங்க, கடைசியிலே ஏமாத்திட்டானே!” இப்படிச் சொல்பவர்களும் கணிசம்.

‘அவரவர்க்குத் தோன்றியபடி எடுத்துக்கொள்ளலாம், எல்லாமே சரிதான்’ என்று பேச்சை முடிப்பது இன்றைய நாகரிகமாக இருக்கிறது. அதை அநேகாந்தவாதம் என்றும் சிலர் சொல்லிவிடுகிறார்கள். அது பொருத்தமில்லை. சமணர் தருக்கத்துக்கு இதைவிடப் பெரிய அநீதி செய்ய முடியாது. இக்கட்டுரை எழுதப் புகுந்த காரணமே இதுதான்.

நயமும் துர்நயமும்

பொருள் பல தன்மைகளை உடையது. ஒரு நோக்கில் நின்று அதன் ஒரு தன்மையைச் சொல்வது ‘நயம்’. என் நோக்கு மட்டுமே சரி, மற்றவை பொய் என்று அடித்துப் பேசினால் அது ‘துர்நயம்’. நயங்கள் தத்தம் எல்லைக்குள் சரியானவை, பிறவற்றை மறுக்கப் புகும்போது தவறாகின்றன என்பது சித்தசேன திவாகரரின் ‘சன்மதி தர்க்கம்’ கூறும் கருத்து. அதேபோல, பொருளிடத்தில் இல்லாத தன்மையை ஏற்றிச் சொல்வதும் நயமாகாது. பானையைக் களிமண் என்று சொல்லலாம், பாத்திரம் என்று சொல்லலாம். துணி என்று சொல்ல முடியாது.

வியாபாரி பாஷையில் சொன்னால், ஒவ்வொரு பொருளும் ஒரு பேரேடு. படத்தில் வந்த காட்சிகள் எல்லாம் பற்று. நீங்கள் சொல்லும் பொருள் வரவு. கடைசியில் ஐந்தொகை போட்டால் கணக்கு நேராக வேண்டும். நேராகாத கணக்கை ‘என் அபிப்பிராயம்’ என்று சொல்லி மூட முடியாது.

இந்த அளவுகோலால் ஐந்தையும் பார்ப்போம்.

மாத்திரைதான் குற்றவாளி என்பது ஓரளவு சரி. ஆனால் சமணர் நிமித்த காரணம், உபாதான காரணம் என்று பிரித்துச் சொல்வர். விதைக்குள் இருப்பது உபாதானம்; மழை நிமித்தம். மாத்திரை மழைதான். தன் வாழ்க்கையிலிருந்து ஓட வேண்டும் என்ற ஆசை விதை. தத்துவார்த்த சூத்திரத்தின் எட்டாம் அத்தியாயம் காட்சியை மறைக்கும் வினையின் வகைகளில் ஐந்து விதமான தூக்கத்தையும் சேர்த்திருக்கிறது. அவற்றுள் கடைசியானது ‘ஸ்த்யானகிருத்தி’: விழித்திருப்பவன் செய்யும் செயல்களைத் தூக்கத்திலேயே செய்து, செய்தது தெரியாமலிருப்பது. நிகிலின் நிலைமையை இதைவிடப் பக்கத்தில் சொல்லும் சொல்லை நான் அறியேன்.

புகழின் கதை என்பதற்குக் கணக்கு நன்றாகவே நேராகிறது. ஆனால் அது மட்டுமே என்றால் நிறம் மாறுவதற்கு என்ன அவசியம்? அதை விளக்க மூன்றாவது நயம் தேவைப்படுகிறது. நாயகனுக்கு டார்ச் கொடுத்ததும், கதையைத் திரையரங்கில் வைத்ததும், அந்தத் திரையரங்கு விலைபோகும் நிலையில் இருப்பதும் சும்மா வந்தவை அல்ல. மைசூரிலேயே சாந்தளா திரையரங்கம் 2020-இல் மூடப்பட்டதை நாம் பார்த்தோம். ஒரு தலைமுறை கூட்டமாகக் கனவு கண்ட இடம் அது. இருட்டில் வழிகாட்டும் டார்ச், திரையில் விழும் ஒளி, ஒளியின் பெயர் கொண்ட மாத்திரை, இவை மூன்றையும் ஒரு கயிற்றில் கோத்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

எல்லாம் மாயை என்ற நான்காவது பொருளுக்குத்தான் கணக்கு இடிக்கிறது. எல்லாமே கனவு என்றால் இரண்டு உலகத்துக்கும் இரண்டு நிறம் கொடுத்து வேறுபடுத்த வேண்டியதில்லை. ‘இதுதான் நனவு’ என்று படம் கடைசியில் விரல் நீட்டிக் காட்டுகிறது. அப்படிக் காட்டிய பிறகும் அதை மறுப்பவர் தம் தத்துவத்தைப் படத்தின்மேல் ஏற்றுகிறார். ஆனாலும் அவர் பக்கத்திலும் ஓர் உண்மை உண்டு: படம் ஓடும்போது, தெரிவதற்கு முன், நாம் இரண்டையுமே நம்பினோம். அந்த அளவில் அவர் சொல்வது நிற்கும்.

ஏமாற்றிவிட்டான் என்பவர்களுக்கு ஒரே பதில், இன்னொரு முறை பாருங்கள். ஏமாற்றிய படம் இரண்டாம் முறை பார்த்தால் உடைந்துவிடும். மறைத்த படம் இன்னும் கெட்டியாகும்.

நிக்கி இருக்கிறானா?

சப்தபங்கி எனப்படும் ஏழு கூற்றைப் பலர் வெறும் சொல் விளையாட்டு என்று நினைப்பர். இந்தப் படத்தை வைத்து அதை எளிதாக விளக்கலாம்.

நிக்கி இருக்கிறானா? கனவு என்ற அளவில் உண்டு. அவன் பசியும் காதலும் பயமும் அனுபவிக்கப்பட்டவை. விழித்திருக்கும் ஊர் என்ற அளவில் இல்லை. அந்தப் பெயரில் அங்கே ஆளே இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னால், உண்டு, இல்லை என்று இரண்டும் சொல்லலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லால் சொல் என்றால், சொல்ல முடியாது: அதுவே ‘அவக்தவ்யம்’. உண்டு, இல்லை, சொல்லொணாது என்ற மூன்றும் தனித்தும் கலந்தும் ஏழு ஆகும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘ஸ்யாத்’, அதாவது ‘ஒரு நோக்கில்’ என்ற சொல் நிற்கும். அது சந்தேகச் சொல் அல்ல. எந்த நோக்கில் என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் பேசு என்ற கட்டளைச் சொல்.

சினிமாவும் முறைப்படி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் காட்ட முடியும். ஒரு காட்சி வண்ணம், அடுத்தது கறுப்பு வெள்ளை. ஆனால் படத்தொகுப்பு வேகமாகி, இரண்டும் ஒன்றையொன்று நெருக்கும்போது, சொல்ல முடியாத அந்த நான்காவது நிலை பார்ப்பவர் மனத்தில் உண்டாகிறது. நூலில் படித்துப் புரியாததைப் படம் ஒரு நிமிடத்தில் உணர்த்திவிடுகிறது.

இயக்குநர் சொல்வதே முடிவா?

‘படம் எடுத்தவரையே கேட்டால் தீர்ந்தது’ என்பார்கள். தீராது. 1968-இல் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ வந்தபோது அதன் முடிவு பலருக்கு விளங்கவில்லை. இயக்குநர் குப்ரிக் விளக்க மறுத்தார். மோனாலிசா ஏன் சிரிக்கிறாள் என்று ஓவியர் அடியிலே எழுதிவைத்திருந்தால் அந்த ஓவியத்தை நாம் ரசித்திருப்போமா என்ற பொருள்படப் பேசினார். அதே கதையை நாவலாக எழுதிய ஆர்தர் கிளார்க் (1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008-இல் கொழும்பில் மறைந்தவர்) நாவலில் பலவற்றை வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். நாவலைப் படித்தபின்பும் படத்தைப் பற்றிய வாதம் ஓயவில்லை. ‘பிளேடு ரன்னர்’ (1982) படத்தின் நாயகன் மனிதனா, செய்யப்பட்டவனா என்பதில் இயக்குநர் ரிட்லி ஸ்காட் ஒன்று சொன்னார், நாயகனாக நடித்த ஹாரிசன் ஃபோர்டு நெடுங்காலம் வேறொன்று சொன்னார். சச்சந்தன் தன் மனைவியின் கனவுக்கே பாதிப் பலன்தான் சொன்னான். ஆகவே சாட்சி சொல்ல வேண்டியது படம்தான். எடுத்தவர் சொல்வது இன்னொரு நயம்.

நம் தமிழ்ப் படங்களிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ பாட்டே இல்லாத படம். கொலை செய்தவர் யார் என்று ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்வர். ஜப்பானியப் படமான ‘ராஷோமோன்’ (1950) உண்மையைச் சொல்லாமலே முடியும். ‘அந்த நாள்’ கொலையாளியைக் காட்டிவிட்டு முடியும். அதில் மனைவியாக நடித்தவர் கன்னட நாட்டுப் பண்டரிபாய். ‘லூசியா’ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: விடையைச் சொல்கிறது, விடைக்குப் பிறகும் கேள்வியை விட்டுவைக்கிறது.

முதல் போட்டவர்கள்

வியாபாரி என்ற முறையில் என்னைக் கவர்ந்தது இன்னொன்று. இந்தக் கதைக்குப் பணம் போடத் தயாரிப்பாளர் கிடைக்காதபோது பவன் குமார் பொதுமக்களிடமே கேட்டார். 27 நாளில் 110 பேர் சேர்ந்து சுமார் 51 லட்ச ரூபாய் கொடுத்தார்கள். பொதுமக்கள் பணத்தில் எடுத்த முதல் கன்னடப் படம் என்று இதைச் சொல்வர். 1976-இல் சியாம் பெனகலின் ‘மந்தன்’ படத்துக்குக் குஜராத் பால் விவசாயிகள் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்ட முன்மாதிரி உண்டு. பங்குதாரர் ஒருவரே என்றால், ‘முடிவைத் தெளிவாக வை, ஜனங்களுக்குப் புரியாது’ என்று கையைப் பிடித்திருப்பார். 110 பேர் என்றதால் எவர் கையும் பிடிக்கவில்லை. பார்ப்பவன் புத்திசாலி என்று நம்பிப் பார்ப்பவர்களே முதல் போட்ட படம் இது.

தமிழில் வந்தபோது

இப்படம் 2015 மார்ச்சில் ‘எனக்குள் ஒருவன்’ என்ற பெயரில் தமிழுக்கு வந்தது. பிரசாத் ராமர் இயக்கம், சித்தார்த் நாயகன், கன்னட நடிகை தீபா சன்னிதி நாயகி. 1984-இல் கமல்ஹாசன் நடித்து அதே பெயரில் வந்த படம் மறுபிறவிக் கதை. இது கனவுக் கதை. ஓர் உயிருக்குள் இன்னோர் ஆள் என்ற கருத்துக்கு இரண்டு விதமான விளக்கம்.

நம் அன்பர்களில் சிலர் தமிழில் வந்த பிறகே இதைப் பார்த்தார்கள். நம் தெருவிலேயே இரண்டு வருஷம் முன்னால் ஓடிய படம் சென்னை சுற்றி வந்தால்தான் நமக்குத் தெரிகிறது என்றால், நாம் எந்த ஊரில் வாழ்கிறோம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

புலம்பெயர்ந்து வந்த நமக்கு இந்தப் படம் வேறொரு விதத்திலும் பேசுகிறது. பிறந்த ஊரை நாம் எப்போதும் வண்ணத்தில் நினைக்கிறோம். அங்கே பொங்கலும் ஆலமரமும் பளிச்சென்று இருக்கின்றன. வாழும் ஊரைக் கறுப்பு வெள்ளையில் பார்க்கிறோம், ஏதோ தற்காலிகம் என்பது போல. ஆனால் நம் பிள்ளைகள் படித்தது இங்கே, கடன் வாங்கியதும் தீர்த்ததும் இங்கே, பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் இரவு இரண்டு மணிக்குக் கதவைத் திறந்து உதவியதும் இங்கே. நிறம் பளிச்சென்று இருப்பதாலேயே ஒன்று நனவாகிவிடாது என்பதைத்தான் ‘லூசியா’ சொல்கிறது. ஊரை மறக்க வேண்டாம்; அதுவும் ஒரு நோக்கில் உண்மைதான். மற்ற நோக்கை அழிக்காமல் வைத்துக்கொள்வோம்.

இனி இது போன்ற படங்களைப் பற்றி வீட்டில் வாதம் வந்தால் இரண்டே கேள்வி கேளுங்கள். எந்த நோக்கில் நின்று சொல்கிறாய்? படத்தில் வந்த எல்லாவற்றுக்கும் உன் கணக்கு நேராகிறதா? இரண்டுக்கும் பதில் சொல்பவரோடு விடிய விடியப் பேசலாம்.